எண்ணெயின் பூர்வீகம்: காரை முதல் முத்துப்பேட்டை வரை ஐந்து நாட்கள்

முதல் நாள்: காரை, தெரணி

காவிரி டெல்டாவின் கச்சா எண்ணெயைப் பற்றி எழுதப் புறப்பட்டவன், டெல்டாவுக்கு வெளியே, பெரம்பலூர் மாவட்டத்துக் காரையில், புல்கூடச் சரியாக முளைக்காத களிமண் ஓடைகளுக்கு நடுவே பயணத்தைத் தொடங்கியிருக்கிறேன். அதற்குக் காரணம் உண்டு. தஞ்சாவூருக்கும் நாகப்பட்டினத்துக்கும் கீழே பல ஆயிரம் அடி ஆழத்தில் புதைந்து கிடக்கும் பாறையடுக்குகளின் மேற்கு ஓரம் இந்தப் பக்கத்தில்தான் நிலத்துக்கு மேலே தலைகாட்டுகிறது. ஆழ்துளைக் கருவி எதுவும் இல்லாமல், நடந்து போய் அவற்றைக் கையால் தொட்டுப் பார்த்துவிடலாம்.

நான் வடக்கே ஓர் ஆய்வகத்தில் கச்சா எண்ணெயின் மூலக்கூறுகளை எண்ணிக்கொண்டே 27 ஆண்டுகளைக் கழித்துவிட்டு, இப்போது ஊர் திரும்பியிருப்பவன். எண்ணெய் எந்தக் கிணற்றிலிருந்து வந்தது என்பது குப்பியின் மேல் ஒட்டிய சீட்டிலேயே இருக்கும்; அது எந்தப் பாறையில் பிறந்தது, அந்தப் பாறை சேறாக இருந்தபோது அதில் மடிந்து விழுந்தவை என்னென்ன உயிர்கள், பிறகு எவ்வளவு சூட்டில் வெந்தது என்பவற்றைச் சொல்வதுதான் எங்கள் வேலை. எங்கள் பக்கத்தில் புது ஆளைப் பார்த்தால் இருக்கும் ஊரைக் கேட்பதோடு நிறுத்த மாட்டார்கள், "பூர்வீகம் எது?" என்பது அடுத்த கேள்வியாக வரும். கரிமப் புவிவேதியியல் என்னும் எங்கள் துறை எண்ணெயிடம் கேட்பதும் அதே கேள்விதான். துணைக்கு அக்கா மகன் வந்திருக்கிறான். நிலவியல் முதுகலை படிக்கிறான். சுத்தியல் அவன் கையில், குறிப்பேடு என் கையில்.

காரையின் களிப்பாறைகள் ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்தவை. பெலம்னைட் என்னும் கணவாய் இன உயிரியின் உடலுக்குள் இருந்த தோட்டா வடிவக் கூடுகள் இன்றும் ஓடைகளில் உதிர்ந்து கிடக்கின்றன; ஜிப்சம் படலங்கள் வெயிலில் கண்ணாடிச் சில்லுகளைப் போல் மின்னுகின்றன. 1850-களின் இறுதியில் இந்த வட்டாரத்தை மாட்டு வண்டிக் காலத்து வசதிகளோடு நடந்து வரைபடமாக்கியவர் ஹென்றி பிளான்ஃபோர்டு. இங்கே கிடைத்த தொல்லுயிர்களை வகைப்படுத்தி விவரித்தவர் ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா. ஆனால் அவர்கள் பார்த்தவை கண்ணுக்குத் தெரியும் தொல்லுயிர்கள். எனக்கு வேண்டியவை அந்தக் களிமண்ணுக்குள் கெரோஜன் என்ற பெயரில் கரையாமல் அடைந்து கிடக்கும் கரிமப் பொருளும், அது வெந்தபின் வடிந்து வரும் எண்ணெயும்தாம்.

கடலில் விளையும் உயிர்ப்பொருளில் நூற்றில் ஒரு பங்குகூடச் சேற்றில் தங்குவதில்லை. மீதி முழுவதும் தின்னப்பட்டோ மட்கியோ காற்றுக்கே திரும்பிவிடுகிறது. தங்கியது பாறையின் எடையில் 0.5 சதவீதத்துக்கு மேல் இருந்தால்தான் ஒரு களிப்பாறையை மூலப்பாறை, அதாவது எண்ணெய் பிறக்கும் பாறை என்று பேசத் தொடங்கவே முடியும். அந்த அளவும் இருந்து, போதுமான ஆழத்தில் புதைந்து, ஏறத்தாழ 60 முதல் 120 டிகிரி வரையிலான வெப்பத்தில் பத்து இலட்சக்கணக்கான ஆண்டுகள் கிடந்தால் எண்ணெய் வடியும்; அதற்கு மேல் சூடேறினால் எரிவாயுதான் மிஞ்சும். ஒரு கிலோமீட்டர் இறங்கினால் 25 முதல் 30 டிகிரி வரை கூடும் என்று கொண்டால், நம் ஊர்த் தரை வெப்பத்தோடு சேர்த்து, ஏறத்தாழ ஒரு கிலோமீட்டருக்கும் மூன்றரை கிலோமீட்டருக்கும் இடையில்தான் இந்த அடுப்பு எரிகிறது என்பது கணக்கு.

அக்கா மகன் ஆர்வத்தோடு ஒரு மேற்பரப்புத் துண்டைப் பெயர்த்தெடுத்தான். அதைப் பகுப்பாய்வுக்கு அனுப்பினால் ஏமாற்றமே மிஞ்சும் என்று சொல்ல வேண்டியிருந்தது. மழையும் வெயிலும் பட்ட பாறையில் ஆக்சிஜன் புகுந்து கரிமப் பொருளை அரித்துவிட்டிருக்கும். பழுப்பு நிறம் மறைந்து கருஞ்சாம்பல் தெரியும்வரை தோண்டினால்தான் ஓரளவு நம்பலாம்.

மாலையில் தெரணியின் வெள்ளைக் களிமண் குழிகளுக்குப் போனோம். இங்கே கிடைப்பவை கடல் உயிர்கள் அல்ல. டைலோஃபில்லம் போன்ற, இன்றைய சைக்கஸின் ஓலையைப் போலத் தோன்றும் இலைகளின் அச்சுகள். காரையைவிட மூத்த படிவம். கோண்டுவானா என்னும் பழைய பெருங்கண்டம் உடைந்து, இந்தியாவின் கிழக்கு ஓரத்தில் பள்ளங்கள் விழுந்துகொண்டிருந்த காலத்தைச் சேர்ந்தது. பூக்கும் தாவரங்கள் அப்போது இந்த மண்ணில் பெருகவில்லை. ஒரு பக்கம் கடற்பாசி, மறுபக்கம் நிலத்து ஓலை. டெல்டாவின் எண்ணெய்க்குள் இந்த இரண்டில் எது எவ்வளவு என்பதே அடுத்த நாட்களில் நாங்கள் கேட்கப்போகும் கேள்வி.

இரண்டாம் நாள்: கல்லணை, கும்பகோணம்

கல்லணையில் அதிக நேரம் நிற்கவில்லை. பள்ளிப் பிள்ளைகள் சுற்றுலா வந்திருந்தார்கள். ஆசிரியர் ஒருவர், காவிரி கொண்டுவந்து சேர்த்த வண்டல்தான் அழுகி எண்ணெயானது என்று அவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். குறுக்கிடுவது மரியாதையில்லை என்று நகர்ந்துவிட்டேன். ஆனால் இந்த நம்பிக்கை டெல்டா முழுவதும் பரவியிருப்பதால் இங்கே எழுதிவிடுகிறேன்: நாம் நாற்று நடும் வண்டல் எண்ணெயாவதற்கு மிகவும் இளையது, மிகவும் மேலே இருக்கிறது, மிகவும் குளிர்ந்தும் இருக்கிறது. எண்ணெயைத் தந்த சேறு படிந்தபோது இன்றைய காவிரியும் இல்லை, டெல்டாவும் இல்லை.

கும்பகோணம் போகும் சாலையில் சம்பா அறுவடை நடந்துகொண்டிருந்தது. அறுவடை இயந்திரம் போகமுடியாத ஒரு மூலைக் கொல்லையில் இரண்டு பெண்கள் முறத்தால் நெல்லைத் தூற்றிக்கொண்டிருந்ததைக் கண்டு வண்டியை நிறுத்தச் சொன்னேன். கேஸ் குரோமட்டோகிராஃப் என்ற கருவியை மாணவர்களுக்கு விளக்க இதைவிட நல்ல காட்சி கிடைப்பதரிது. பதர் தூரத்தில் போய் விழுகிறது, அரைவிளைச்சல் நடுவில், முற்றிய மணி காலடியில். காற்று ஒன்றுதான், எடைக்கு ஏற்பப் பிரிகிறது. கருவியில் முறத்துக்குப் பதிலாக 30 அல்லது 60 மீட்டர் நீளமும் கால் மில்லிமீட்டர் உள்விட்டமும் கொண்ட, உட்புறம் மெல்லிய பூச்சுள்ள சிலிக்கா குழாய் சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். ஹீலியம் போன்ற வாயு எண்ணெயின் ஆவியைத் தள்ளிக்கொண்டு போகும். அடுப்பின் சூடு படிப்படியாக 300 டிகிரி வரை ஏறும். இலேசானவை முன்னே, கனத்தவை பின்னே என்று ஒன்றன்பின் ஒன்றாக வெளியேறி, தாளில் சீப்புப் பற்களைப் போல வரிசையாக முனைகளை வரைந்துவிட்டுப் போகும்.

அந்தச் சீப்பில் முதலில் பார்ப்பது பற்களின் உயரம். பகல் உணவுக்கு ஒரு மெஸ்ஸில் உட்கார்ந்தபோது, இலையில் தெளித்த தண்ணீர் ஒட்டாமல் முத்து முத்தாக உருண்டு ஓடியது. எல்லோரும் தினமும் பார்ப்பதுதான். அப்படி ஓட வைப்பது இலையின் மேலுள்ள மெழுகு. நிலத் தாவரங்களின் மெழுகில் 27, 29, 31 என்று ஒற்றைப்படைக் கார்பன் எண்ணிக்கை கொண்ட நீள்சங்கிலி ஹைட்ரோகார்பன்கள் மிகுந்திருக்கும். தாவரம் கொழுப்பு அமிலங்களை இரண்டிரண்டு கார்பனாகக் கோத்துக்கொண்டு போவதால் அவை இரட்டைப்படையில் முடிகின்றன; மெழுகாக்கும்போது நுனியிலிருந்து ஒரு கார்பன் கழன்றுவிடுவதால் ஒற்றைப்படையாகிவிடுகின்றன. இளம் சேற்றில் இந்த ஒற்றை மிகுதி பளிச்செனத் தெரியும். பாறை வேக வேக, கெரோஜன் உடைந்து வரும் புதிய சங்கிலிகளில் ஒற்றை இரட்டை வேறுபாடு இல்லாததால், பற்கள் சமமாகிக்கொண்டே வரும். ஆகவே ஒரே அளவை, மூதாதை யார் என்பதையும் எவ்வளவு வெந்தது என்பதையும் ஓரளவு சேர்த்தே சொல்லிவிடுகிறது.

இலையின் பச்சையும் தப்பிப் பிழைக்கிறது என்பது இதைவிட வியப்பானது. 1934-இல் ஆல்ஃப்ரெட் ட்ரைப்ஸ் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் கச்சா எண்ணெயில் போர்ஃபிரின் என்னும் வளைய மூலக்கூறுகளைக் கண்டு, அவை பச்சையத்தின் எச்சம் என்று காட்டினார். எண்ணெய் உயிர்களிடமிருந்து வந்தது என்பதற்கு மூலக்கூறு அளவில் கிடைத்த முதல் உறுதியான சான்று அதுதான். பச்சையத்தின் நடுவில் இருந்த மக்னீசியம் போய், அந்த இடத்தில் வனேடியமோ நிக்கலோ உட்கார்ந்திருக்கும். தலை இப்படிப் போக, பச்சையத்தின் வாலாகிய ஃபைட்டால் சங்கிலி தனியே கழன்று, சேற்றில் ஆக்சிஜன் இருந்தால் பெரும்பாலும் 19 கார்பன் கொண்ட பிரிஸ்டேனாகவும், இல்லாவிட்டால் 20 கார்பன் கொண்ட ஃபைட்டேனாகவும் முடிகிறது. இரண்டின் விகிதம் 3-ஐத் தாண்டினால் நிலத் தாவரக் குப்பை சேர்ந்த, காற்றோட்டமுள்ள படிவு என்றும், 0.8-க்குக் கீழே போனால் ஆக்சிஜன் இல்லாத, உப்பு மிகுந்த படிவு என்றும் சொல்வது வழக்கம். நடுவில் நிற்கும் எண்களை வைத்துக்கொண்டு அழுத்தமாகத் தீர்ப்பு எழுதும் அறிக்கைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். நானே எழுதியும் இருக்கிறேன். அந்த வழக்கம் நல்லதில்லை.

ஸ்டெரேன்களைப் பற்றி இரண்டு வரி எழுதிவிட்டு உறங்கப் போகிறேன். விலங்குகளின் கொலஸ்டிராலும் தாவரங்களின் ஸ்டெராலும் புதைந்தபின் ஸ்டெரேன்களாகின்றன. 27 கார்பன் மிகுந்தால் கடற்பாசி போன்றவை, 29 கார்பன் மிகுந்தால் நிலத் தாவரம்.

மூன்றாம் நாள்: திருக்கடையூர், தரங்கம்பாடி

காலையிலேயே அக்கா மகன் கைப்பேசியோடு வந்து நின்றான். "மாமா, நேத்து எழுதினதுல கடைசி வரி தப்பு. 29 கார்பன்னாலே நிலத் தாவரம்னு சொன்னா, ஓமன் எண்ணெய்க்கு என்ன சொல்வீங்க?" என்றான். அவன் சொன்னது சரி. ஓமனில் 54 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்ட பாறைகளிலிருந்து வரும் எண்ணெயில் 29 கார்பன் ஸ்டெரேன்தான் மிகுதி. நிலத்தில் அப்போது செடியே கிடையாது. அது கடலில் வாழ்ந்த பச்சைப் பாசிகள் விட்டுச் சென்றது. ஆகவே நேற்றைய வரியை இப்படித் திருத்திக்கொள்ள வேண்டும்: பாறையின் வயது தெரிந்து, மெழுகும் பிரிஸ்டேனும் அதே திசையைக் காட்டினால் மட்டுமே 29 கார்பனை நிலத் தாவரத்தின் கணக்கில் எழுதலாம்.

திருக்கடையூருக்குப் போனது அறுபதாம் கலியாணத்துக்காகவா என்று வழியில் இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். நான் போனது குங்கிலியத்துக்காக. இந்த ஊரில் பிறந்து, வீட்டில் அரிசி இல்லாத நாளிலும் மனைவியின் தாலியைக் கொடுத்துக் குங்கிலியம் வாங்கித் தூபமிட்டவர் குங்கிலியக்கலய நாயனார். அவர் தூபக்காலில் புகைந்த பிசினுக்கும் உலகத்து எண்ணெய்க் கிணறுகள் அனைத்துக்கும் பெயர் வழியாக ஓர் உறவு உண்டு என்பது, எனக்கு 30 வயதில் தெரியவந்தபோது அம்மாவுக்குக் கடிதம் எழுதிய செய்தி.

குங்கிலியம் தருபவை சால், வெள்ளைக் குங்கிலியம் முதலிய மரங்கள் அடங்கிய டிப்டெரோகார்ப் குடும்பம். கருங்குங்கிலியம் வேறு குடும்பம். அதே டிப்டெரோகார்ப் குடும்பத்தில் ஹோப்பியா என்றொரு பேரினம் இருக்கிறது. 1955-இல் மில்ஸ், வெர்னர் என்ற இரு வேதியியலாளர்கள் இக்குடும்பத்து டம்மர் பிசினில் ஐந்து வளையங்கள் கொண்ட ஒரு மூலக்கூறைக் கண்டபோது, அதன் எலும்புக்கூட்டுக்கு ஹோப்பியாவின் பெயரையே வைத்து ஹோப்பேன் என்றார்கள். பிறகு பாறைகளையும் எண்ணெய்களையும் பிரித்துப் பார்த்தவர்களுக்கு ஒரே குழப்பம்: ஹோப்பேன் எங்கும் இருந்தது, டிப்டெரோகார்ப் மரங்கள் தோன்றுவதற்குப் பல கோடி ஆண்டுகள் முந்திய பாறைகளிலும் இருந்தது. அதைவிடக் குழப்பம், மரங்களில் 30 கார்பனோடு முடிகிற மூலக்கூறு, பாறைகளில் 31, 32 என்று 35 கார்பன் வரை நீண்டிருந்தது. அந்த ஐந்து கார்பன் எங்கிருந்து வந்தது என்று தெரியாமலே சில ஆண்டுகள் ஓடின.

விடை பாக்டீரியாவில் இருந்தது. 1970-களில், 35 கார்பன் கொண்ட பாக்டீரியோஹோப்பேன்டெட்ரால் என்ற பொருள் பாக்டீரியாக்களில் கண்டறியப்பட்டது. நம் செல்சவ்வுகளுக்குக் கொலஸ்டிரால் தரும் உறுதியை, அவற்றின் சவ்வுகளுக்கு இது தருகிறது. ஸ்ட்ராஸ்பூர்கில் கி ஊரிசானும் பியர் ஆல்பிரெக்டும் நடத்திய ஆய்வுகள், ஒரு மூலக்கூறைப் பாறையில் முதலில் கண்டுவிட்டு, அதை உண்டாக்கும் உயிரைப் பிறகு தேடிப் போன அரிய வரிசையில் அமைந்தவை. நடப்பில், இன்று எண்ணெயின் பூர்வீகம் பார்க்கும் எவரும் கேஸ் குரோமட்டோகிராஃபோடு, மூலக்கூறுகளை உடைத்துத் துண்டுகளை எடைபோடும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரை இணைத்து, 191 நிறை கொண்ட துண்டுகளை மட்டும் பொறுக்கி ஹோப்பேன் வரிசையையும், 217 நிறை கொண்டவற்றைப் பொறுக்கி ஸ்டெரேன் வரிசையையும் எடுக்கிறார்கள். ஆயிரக்கணக்கான சேர்மங்கள் முண்டியடிக்கும் கலவையில், மிகச் சிறிதளவே இருக்கும் இந்த மூலக்கூறுகள் அப்போதுதான் தனியே தெரியும்.

குங்கிலியம் தன் கையெழுத்தையும் தனியாக வைத்திருக்கிறது. டிப்டெரோகார்ப் பிசின் புதைந்து வெந்தால் பைகாடினேன் என்ற மூலக்கூறுகள் வருகின்றன. தென்கிழக்கு ஆசியாவின் பல எண்ணெய்களில் அவை நிறையவே உண்டு. குஜராத்தின் வஸ்தான் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில் கிடைத்த, ஏறத்தாழ 5 கோடி ஆண்டு பழைய அம்பரும் இதே குடும்பத்தின் பிசின்தான். அதுபோல் பூக்கும் தாவரங்களின் அடையாளமாகக் கொள்ளப்படுவது ஓலியனேன். தெரணியின் ஓலைகள் காலத்துச் சேற்றில் பிறந்த எண்ணெயில் இவற்றை எதிர்பார்க்கக்கூடாது. இருந்தால், இளைய பாறை ஒன்றும் அதில் பங்கு சேர்த்திருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். இல்லாததை மட்டும் வைத்து வயதைத் தீர்மானிப்பது கூடாது. ஒரு வீட்டில் பெட்டி இல்லை என்பதால் அங்கே யாரும் பயணமே போனதில்லை என்றாகிவிடாது.

தரங்கம்பாடிக் கடற்கரையில் டேனியர் கோட்டைச் சுவருக்கு அடியில் உட்கார்ந்து, வேலையில் சேர்ந்த இரண்டாம் ஆண்டில் நான் செய்த பிழையை அவனிடம் சொன்னேன். ஒரு பாறைத் தொகுதியில், ஆறு துண்டுகளிலும் ஒரே இடத்தில் பெரிய முனை வந்தது. புதிய உயிர்க்குறி ஒன்றை, அதாவது பழைய உயிரைக் காட்டிக்கொடுக்கும் மூலக்கூறு ஒன்றைக் கண்டுவிட்டதாக நினைத்து இரண்டு வாரம் தூக்கமில்லாமல் படித்தேன். அது பிளாஸ்டிக் பையிலிருந்து ஒட்டிக்கொண்ட தாலேட் என்ற இரசாயனம் என்று, 149 நிறைத் துண்டைப் பார்த்த மாத்திரத்தில் மூத்தவர் ஒருவர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து கண்ணாடிக் குப்பியும் அலுமினியத் தாளும் இல்லாமல் மாதிரி எடுப்பதில்லை. விரல் பட்டாலே நம் தோலின் ஸ்குவாலினும் கொலஸ்டிராலும் பாறைக்குள் போய்ச் சேர்ந்துவிடும்.

வரும் வழியில் மாதானத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. கொள்ளிடத்துக்குத் தெற்கே, சீர்காழிப் பக்கத்து இந்த ஊரின் கீழே, விரிசல் விட்ட அடித்தளப் பாறையிலேயே, அதாவது கிரானைட், நைஸ் போன்ற மிகப் பழைய படிகப் பாறையிலேயே எண்ணெய் கிடைத்திருக்கிறது. படிகப் பாறையில் எண்ணெய் என்றால், அது உயிரில்லாமல் பூமிக்குள்ளேயே உண்டானது அல்லவா என்று சிலர் கேட்பார்கள். 1877-இல், தனிம அட்டவணையை வகுத்த மெண்டலீவ்கூட, ஆழத்தில் உலோகக் கார்பைடுகளும் நீரும் சேர்ந்து எண்ணெய் உண்டாகலாம் என்று கருதினார். கார்பைடு ஹோப்பேனை உண்டாக்காது. பக்கத்துப் பள்ளங்களில் இருந்த மூலப்பாறைகள் வெந்து, எண்ணெய் பிளவுகள் வழியாக ஏறி, உயர்ந்து நின்ற பாறை முகட்டின் விரிசல்களில் போய் அடைந்திருக்கிறது. குடியேறிய வீட்டை வைத்துக் குலம் சொல்ல முடியாது என்பதற்கு மாதானத்தைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு டெல்டாவில் இல்லை.

நான்காம் நாள்: நரிமணம், திருவாரூர்

நரிமணத்துக்கு அருகே சாலையோரமாக வண்டியை நிறுத்தி, தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி. 1950-களின் இறுதியில் தொடங்கிய தேடல், 1964-இல் முதல் ஆழ்கிணறு, 1980-களின் நடுவில் நரிமணமும் கோவில்களப்பாலும், 1993-இல் சுத்திகரிப்பு ஆலை என்று காவிரிப் படுகை எண்ணெயின் வரலாற்றை எல்லோரும் அறிவார்கள். எனக்குப் பிடித்தது வேறு. இந்தப் படுகையில் எண்ணெய் தேடியவர்கள் நிலத்தடிப் பாறையடுக்குகளுக்கெல்லாம் கிணறு தோண்டிய ஊர்களின் பெயரையே வைத்துவிட்டார்கள். ஆகவே கீழிருந்து மேலாக, ஆண்டிமடம், சாத்தப்பாடி, புவனகிரி, குடவாசல், நன்னிலம், கமலாபுரம், நிரவி என்று, பஸ் நடத்துநர் கூவுவதைப் போலவே கிரெட்டேசியஸ் என்னும் டைனோசர் காலத்திலிருந்து மேல்நோக்கி வரலாம். இவற்றுள் ஆண்டிமடமும் சாத்தப்பாடிக் களிப்பாறையும் மூலப்பாறைகள்; புவனகிரி, நன்னிலம், கமலாபுரம், நிரவி மணற்கற்கள் எண்ணெய் தங்கும் இடங்கள். ஆண்டிமடம், பள்ளங்கள் உடைந்து விழுந்த காலத்துப் படிவு. சாத்தப்பாடி, கடல் உள்ளே வந்தபின் படிந்தது, காரையின் களிப்பாறைக்கு ஏறத்தாழ சமவயது. இந்த இரண்டு மூலப்பாறைகளிலுமே நிலத் தாவரக் கூறு கணிசமானது. அதனால்தான் இங்கே எண்ணெயோடு எரிவாயுவும் கூடவே வருகிறது.

எவ்வளவு வெந்தது என்பதற்கு இரண்டு சாட்சிகளை ஒத்துப் பார்ப்பேன். ஒன்று ராக்-இவால் என்ற முறை: பாறைத் தூளைக் கருவிக்குள் படிப்படியாகச் சுடவைத்து, எந்த வெப்பத்தில் ஹைட்ரோகார்பன் மிகுதியாக வெளியேறுகிறது என்று பார்ப்பது. 435 டிகிரியை ஒட்டி இருந்தால் பாறை எண்ணெய் தரத் தொடங்கியிருக்கிறது. அதற்கு நன்றாகக் கீழே இருந்தால் இன்னும் பச்சை. இது பாறைக்கு மட்டுமே ஆகும். குப்பியில் உள்ள எண்ணெய்க்கு ஸ்டெரேனிடம்தான் போக வேண்டும். உயிர் தன் ஸ்டெராலின் 20-ஆவது கார்பனை எப்போதும் ஒரே கைப்பக்கமாகத்தான் திருப்பி வைக்கிறது. வெப்பம் அதை மெல்ல மெல்லப் பிரட்டி, இரண்டு கைகளும் ஏறத்தாழப் பாதிப் பாதியாகும் வரை கொண்டுபோகிறது. மறுகையின் பங்கு 0.55-ஐ எட்டியபின் எவ்வளவு சுட்டாலும் எண் நகராது. அதற்குமேல் இந்தச் சாட்சி வாய் திறக்காது.

திருவாரூர் அருகே டீ குடிக்க நின்ற இடத்தில், நாங்கள் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்ட ஒரு விவசாயி எழுந்து வந்தார். "சார், எங்க வாய்க்கால்ல எண்ணெ மிதக்குது. குழாய்லேருந்து கசியுதுன்னு ஊர்ல ஒரே பேச்சு. வந்து ஒரு பார்வை பாத்துட்டுப் போங்க" என்றார். டெல்டாவில் இது சும்மா கேட்கும் கேள்வி இல்லை. குழாய், கசிவு, போராட்டம், 2020-இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்து புதிய எண்ணெய்க் கிணறுகளுக்குத் தடை என்று பத்தாண்டுக் காலமாக ஒவ்வொரு வீட்டிலும் பேசிய பொருள் அது. போனோம்.

வாய்க்காலின் ஓரத்தில், துருநிறக் கசடின் மேல், வானவில் பளபளப்போடு ஒரு படலம் நின்றது. ஒரு வைக்கோல் தாளை எடுத்து அதைக் கலைக்கச் சொன்னேன். படலம் ஓட்டுச் சில்லுகளைப் போல் கோணல் கோணலாக உடைந்து, உடைந்தபடியே நின்றது. எண்ணெயாக இருந்தால் கலைந்த இடம் உடனே மீண்டும் ஒன்றுசேர்ந்து வழிந்திருக்கும். இது இரும்பை ஆக்சிஜனேற்றம் செய்து பிழைக்கும் பாக்டீரியா உண்டாக்கும் படலம். தேங்கிய வயல் நீரில் சாதாரணம். அவர் முகத்தில் நிம்மதியைவிடச் சந்தேகமே அதிகம் இருந்தது, அதில் தவறில்லை. கண்ணால் பார்க்கும் சோதனை வாசற்படி மட்டுமே என்பதால், உண்மையிலேயே எண்ணெய் என்று ஐயம் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதையும் விரிவாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

பம்புசெட்டின் டீசல் என்றால் சங்கிலி வரிசை 25 கார்பன் பக்கம் வந்து முடிந்துவிடும், ஹோப்பேன் அநேகமாக இருக்காது. டிராக்டரின் என்ஜின் ஆயில் என்றால் ஹோப்பேன் இருக்கும், நேர்ச்சங்கிலிகளின் சீப்பு இருக்காது. கச்சா எண்ணெய் என்றால் இரண்டும் இருக்கும். அப்போது ஹோப்பேன், ஸ்டெரேன் விகிதங்களைச் சந்தேகத்துக்குரிய குழாயிலிருந்து எடுத்த எண்ணெயோடு ஒப்பிட வேண்டும். பொருந்தாவிட்டால் அந்தக் குழாயை விடுவித்துவிடலாம். பொருந்தினால் மறுப்பதற்கு எளிதில் இடம் கிடைக்காது. மண்ணில் சில மாதம் கிடந்து பாக்டீரியா தின்றுவிட்டது என்ற சாக்கும் செல்லாது. அவை முதலில் நேர்ச்சங்கிலிகளையும், அடுத்துப் பிரிஸ்டேன், ஃபைட்டேனையும் தின்னும். ஸ்டெரேனும் ஹோப்பேனும் கடைசிப் பந்தி. ஒரே ஒரு நிபந்தனை: மாதிரியை முதல் நாளே, கண்ணாடிப் பாட்டிலில், இரு தரப்பும் பார்க்க எடுத்து முத்திரையிட வேண்டும். ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கழுவி வைத்திருந்தால் போதுமா என்று கேட்டார். மூடியின் உள்பக்கம் அலுமினியத் தாளை வைத்துக்கொள்ளுங்கள், போதும் என்றேன்.

சேற்றில் காலை வைத்தால் வரும் குமிழிகளைப் பற்றியும் கேட்டார். அதுவும் மீத்தேன்தான், ஆனால் வயல் பாக்டீரியா இன்று உண்டாக்கியது. ஆழத்தில் வெந்து வரும் வாயுவில் ஈத்தேனும் புரோப்பேனும் கலந்திருக்கும். வயல் குமிழியில் அவை இல்லையென்றே சொல்லலாம். கார்பன்-13 என்ற கனத்த ஐசோடோப்பும் வயல் மீத்தேனில் மிகக் குறைவு. ஒப்பீட்டு அளவுகோலில் பெரும்பாலும் ஆயிரத்துக்குக் கழித்தல் 60-க்கும் கீழே நிற்கும். ஐசோடோப்பு என்ற சொல்லைக் கேட்டதும் அவர் டீக்கான காசை நான் கொடுக்கவிடாமல் தானே கொடுத்துவிட்டார்.

ஐந்தாம் நாள்: முத்துப்பேட்டை

படகில் ஏறி அலையாத்திக் காட்டுக்குள் நுழைந்து, நீர் வற்றிய ஒரு திட்டில் இறங்கினோம். முழங்கால் வரை கருஞ்சேறு. கிளறினால் அழுகிய முட்டை நாற்றம். எனக்கு அது பழகிய வாசனை. ஆக்சிஜன் தீர்ந்த சேற்றில் பாக்டீரியா கடல்நீரின் சல்ஃபேட்டைக் குறைத்து ஹைட்ரஜன் சல்ஃபைடு விடுகிறது. களிமண்ணில் இரும்பு நிறைய இருந்தால் அந்தக் கந்தகத்தை இரும்பு பைரைட்டாகப் பிடித்துக்கொள்ளும்; சுண்ணாம்புச் சேற்றில் இரும்பு போதாமல் கந்தகம் கரிமப் பொருளுக்குள்ளேயே போய்விடும். களிமண்ணில் பிறந்த எண்ணெய் பெரும்பாலும் கந்தகம் குறைந்தும், சுண்ணாம்பில் பிறந்தது மிகுந்தும் இருப்பதற்கு இதுவே காரணம்.

இந்தச் சேற்றுக்குள் இப்போது சேர்ந்துகொண்டிருக்கும் மூலக்கூறுகளைக் கணக்கெடுத்தால், பின்னொரு காலத்து வேதியியலாளருக்கு என்ன கிடைக்கும் என்று அக்கா மகன் கேட்டான். அலையாத்தி இலைகளின் மெழுகு, மேலே உள்ள வயல்களிலிருந்து வாய்க்கால் வழி வந்த வைக்கோலின் மெழுகு, டயாட்டம் என்னும் கடல் நுண்பாசிகளின் ஸ்டெரால், எங்கும் நிறைந்த பாக்டீரியாவின் ஹோப்பனாய்டு, அதாவது பின்னாளில் ஹோப்பேனாகப்போகும் பொருள். சுரபுன்னை இனங்கள் மிகுந்த சேறு என்றால் டாரக்ஸெரால் என்ற மூலக்கூறு தனித்துத் தெரியும். இங்கே வெண்கண்டல் என்னும் அவிசென்னியாதான் பெரும்பான்மை. இவற்றில் பல பூக்கும் தாவரங்களின் கொடை, ஆண்டிமடத்துச் சேற்றில் இல்லாதவை. பஞ்சு மில் கழிவோ படகு டீசலோ சேர்ந்தால் அதுவும் பதிவாகும்.

படகுக்காரர் நாங்கள் குப்பியில் சேற்றை அடைப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, இது எண்ணெயாக எத்தனை வருஷம் ஆகும் என்று கேட்டார். இதன்மேல் இரண்டு, மூன்று கிலோமீட்டர் மண் ஏற வேண்டும், நூற்றாண்டுக்குச் சில சென்டிமீட்டர் என்று ஏறினாலும் ஐம்பது இலட்சம், ஒரு கோடி ஆண்டு ஆகும் என்றேன். அவர் கொஞ்சம் யோசித்து, "அதுவரைக்கும் மீன் புடிக்கலாம்ல?" என்றார்.

எடுத்த சேற்றை அறைச் சூட்டில் வைத்தால் பாக்டீரியா தன் வேலையைத் தொடர்ந்து, கணக்கைக் கலைத்துவிடும். உறைய வைக்க வேண்டும். மூன்று கண்ணாடிக் குப்பிகளோடு, இரவு எட்டு மணிக்குத் திருவாரூரில் அக்கா வீட்டு வாசலில் நின்றோம். நாற்றம் எங்களுக்கு முன்னே உள்ளே போய்விட்டது. இட்லி மாவு இருக்கும் ஃபிரிட்ஜில் இதற்கு இடமில்லை என்று அக்கா ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டாள். பெரிய பேச்சுவார்த்தைக்குப் பிறகு, அலுமினியத் தாளால் சுற்றி, அதை எவர்சில்வர் தூக்கில் வைத்து மூடி, ஃப்ரீசரின் மூலையில் திங்கட்கிழமை வரை வைத்துக்கொள்ள அனுமதி கிடைத்தது. தூக்கின் மேல் அக்கா மகன் இடம், நாள், ஆழம் எழுதிய சீட்டை ஒட்டினான். அதற்குக் கீழே அக்கா தன் கையெழுத்தில் "சாப்பிடுவது அல்ல" என்று சேர்த்திருக்கிறாள்.